சமையலறை என்று எழுதிக்கொள்ளுங்கள்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை மாலை புது வீடு ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டியதும் வர்க்கா சபர் தெருவே அங்கே திரண்டது. 417ஆம் எண் வீட்டுக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் என்று தெரிந்தவுடன் ஸெனெபெச் நின்ற இடத்திலேயே குலவையிட்டாள். அதே நேரத்தில் அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி அஸ்னாகெச்சும் நின்றிருந்தாள். மேலிருந்து கீழாக மூன்று முறை விரல் வைத்துத் தேடினாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது மழை இல்லை.

குடைக்குள் அவள் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஸெனெபெச்சின் மகள் ஹிருத்துக்கு மட்டும் இரவெல்லாம் அது தெரிந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஸெனெபெச் காபிக்கொட்டை வறுத்தாள். சனிக்கிழமைக் காபிக்கு அஸ்னாகெச்சைக் கூப்பிடுவது அந்த வீட்டில் பத்தொன்பது வருஷப் பழக்கம். அஸ்னாகெச் அவர்கள் வீட்டின் பின்சுவரில் சாய்த்துக் கட்டிய ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். அங்கேயே, புளித்த மாவைத் தோசைபோல ஊற்றிச் செய்யும் இன்ஜெரா சுட்டு மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள்.

"போய்க் கூப்பிடு அவள" என்றாள் ஸெனெபெச், வறுத்த கொட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹிருத் போனாள். பன்னிரண்டு அடி தூரம்தான். பாதி திறந்த கதவின் வழியாகப் புளித்த மாவின் வாசனை வந்தது. உள்ளே மாவு ஊற்றும் சத்தம் வட்டமாகச் சுற்றி வந்து நின்றது. ஹிருத் கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"வேலையா இருக்காங்கம்மா."

ஸெனெபெச் எடுத்து வைத்திருந்த கோப்பைகளில் ஒன்றை மறுபடி உள்ளே வைத்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், தெருவை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த புதிது. வீடு வீடாக அளந்துகொண்டு போனார்கள். அதற்கு முதல் நாள் தெருக்குழாயில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: அளவு கூடுதலாக இருந்தால் இரண்டு படுக்கையறை, குறைந்தால் ஒற்றை அறை, உள்வாடகைக்காரர் தனி அடுப்பு வைத்திருந்தால் அவருக்கும் தனியாக ஒரு அறை.

ஹிருத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரே அறையில் அப்பா, அம்மா, அண்ணன் யாரெட், அவள். கட்டிலைச் சுற்றி ஒரு பூப்போட்ட திரை. அந்தத் திரைக்குள்தான் உடை மாற்றினாள், படித்தாள், அழவேண்டியிருந்தால் அழுதாள். கதவுள்ள ஒரு அறை வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாகச் சொல்ல முடியாது.

அளப்பவர் வந்தபோது வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். பின்னால் புகை வருகிறதே, அது என்ன என்று கேட்டார்.

"எங்க சமையலறை."

அவர் எட்டிப் பார்த்தார். "உள்ள ஒரு அம்மா இருக்காங்களே?"

"அவங்க இன்ஜெரா சுட்டுக் குடுக்க வர்ற வேலைக்காரம்மா. நீங்க சமையலறைன்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். தாளை முழுக்கப் படித்தார். ஹிருத்தை ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அத்தை என்றே கூப்பிட்டு வளர்ந்த எந்த அஸ்னாகெச்சை வேலைக்காரி என்றாளோ, அவள்தான் ஹிருத்தின் பள்ளி இறுதித் தேர்வு மாதம் முழுக்க விடியுமுன்பே எழுந்து சுட்டு முடித்தவள். ஹிருத்துக்கு மூச்சிரைப்பு, படிக்க உட்காரும்போது புகை இருக்கக்கூடாது என்பதற்காக.

பத்து மணிக்குக் கூட்டம். சாவு வீடுகளுக்குப் பந்தலும் பாத்திரமும் சாப்பாடும் கொடுக்கிற தெருச் சங்கத்தின் கூடாரத்தைத்தான் மைதானத்தில் போட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் ஃபெலெகே, ஹிருத்தின் அப்பா. நகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓசிப் பயணம் செய்த சொந்த மைத்துனனுக்கே அபராதம் போட்டவர் என்பதால் தெருவில் பெரியவர்கள்கூட அவரைக் 'கஷே' என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுத ஹிருத். அந்தப் பக்கம் வட்டார அலுவலகத்திலிருந்து வந்த ஒரு இளம்பெண், கையில் டேப்லெட்டோடு.

பேச்சு முதலில் சிரிப்பாகத்தான் போனது. பண்டிகைக்கு ஆட்டை எங்கே அறுப்பது என்று ஒருவர் கேட்டார். கீழே பொதுக்கூடம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். ஒன்பதாவது மாடிக்காரன் கறியோடு ஏறும்போது கரண்ட் போனால் என்ன செய்வான் என்று இன்னொருவர் கேட்டார்.

"லிஃப்ட்லயே சமைச்சுச் சாப்பிட்டுட்டு இறங்குவான்" என்றான் மினிபஸ் ஓட்டும் ஷிஃபெரா. பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது.

பிறகு குரல்கள் மாறின. பெரிய சாலையில் புது விளக்கும் சைக்கிள் பாதையும் ஈச்ச மரங்களும் வந்தது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சாலையில் நின்று வறுத்த பார்லி விற்ற தன்னை மூன்று முறை விரட்டிவிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். ஷிஃபெரா எழுந்து, புது ஃபிளாட் இருக்கிற ஊர்க்கோடிக்குப் போனால் வேலைக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டும் என்றான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முலு, ஏழு பிள்ளை பெற்றவள், எழுந்துகொள்ளாமலே பேசினாள்.

"இருபத்தெட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். மழைக்காலத்துல வாசல்ல குடை புடிச்சுக்கிட்டு வரிசையில நின்னவ நான். போறதுக்கு வருத்தப்படுறவங்க படுங்க. எனக்கு வீட்டுக்குள்ள ஒரு குழாயும் தாழ்ப்பாளும் குடுத்தாப் போதும், சந்திரனுக்கு அனுப்பினாலும் போறேன்."

பலர் தலையாட்டினார்கள். ஹிருத்தும் தன்னை அறியாமல் ஆட்டினாள்.

பட்டியலில் ஆட்சேபணை இருப்பவர்கள் சொல்லலாம் என்று அலுவலகப் பெண் சொன்னாள். இரண்டு பேர் பெயரில் எழுத்து மாறியிருப்பதைச் சொன்னார்கள். மூன்றாவதாக அஸ்னாகெச் எழுந்தாள். நல்ல வெள்ளை மேல்துண்டைத் தோளில் போட்டிருந்தாள். கோயிலுக்குப் போடுவது.

தன் பெயர் இல்லை என்றாள். வீட்டு எண் 417இன் பின்னறை என்றாள்.

அலுவலகப் பெண் திரையைத் தள்ளிப் பார்த்தாள். "417ல நாலு பேர் இருக்காங்க. பின்னால இருக்கிறது சமையலறைன்னு இருக்கு. வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கே."

"நான் பத்தொன்பது வருஷமா அங்கதான் படுக்கிறேன்."

"வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தா திருத்தலாம். அவர் இங்க இருக்காரா?"

கூடாரம் முழுக்க ஃபெலெகே பக்கம் திரும்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடித்ததை மறுபடி துடைத்தார். அப்பா எதையாவது சொல்லிவிடுவார் என்று ஹிருத் பயந்தாள். சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயந்தாள். எந்தப் பயம் பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பழைய விஷயம். தாளைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் ஃபெலெகே.

அஸ்னாகெச் அவரை மட்டும் பார்த்தாள். ஹிருத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "சரி கஷே" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று ஹிருத் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. எப்போதும் வாய் சும்மா இராத ஷிஃபெரா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முலு துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். அப்போதுதான் ஹிருத்துக்கு உறைத்தது. அந்த வரிசையில் இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை சமையலறைகள் ராத்திரியில் படுத்துத் தூங்குகின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.

நோட்டில் அவள் எழுதினாள்: 'வீட்டு எண் 417. தலைவர் பார்த்துச் சொல்வதாகக் கூறினார்.' அவளுடைய கையெழுத்து வழக்கம்போல அழகாகவே இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை.

மதியம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு நடுவில் இருந்தது. யாரும் கை வைக்கவில்லை. அன்று மாலைதான் யாரெட்டுக்காக மூன்று பெரியவர்கள் பெண் வீட்டுக்குப் பேசப் போவதாக ஏற்பாடு. புது ஃபிளாட்டில் ஒரு அறை பிள்ளைக்கு என்று ஏற்கெனவே சொல்லியனுப்பியாகிவிட்டது. யாரெட் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான்.

ஸெனெபெச்தான் ஆரம்பித்தாள். சுவரும் கூரையும் நாம் போட்டது, அவளிடம் வாங்கிய வாடகையில் பாதி தகரம் மாற்றவே போனது, நாம் யார் வாயிலும் மண் போடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரும் மறுக்காததால் அவளே நிறுத்தவேண்டியதாயிற்று.

"திருத்தி எழுதிக் குடுத்தா என்னாகும்?" என்று ஹிருத் கேட்டாள்.

"என்னாகும்? ஒத்த அறை குடுப்பான். அதுல நாலு பேர், வர்ற மருமக அஞ்சு. இல்லன்னா பொய் சொன்னதுக்கு அதுவும் கிடையாதும்பான். அப்ப சொன்னது யாரு? நானா? நான் அன்னிக்குச் சந்தையில இருந்தேன்."

ஹிருத் தலை குனிந்தாள்.

"கையெழுத்து என்னோடது" என்றார் ஃபெலெகே. அன்று வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பகலில் படுக்கிற ஆள் இல்லை அவர்.

மூன்று மணிக்கு ஹிருத் மறுபடி அந்தப் பன்னிரண்டு அடியைக் கடந்தாள். இந்தத் தடவை கதவைத் தட்டினாள்.

அறையில் சுடுகிற மண்தட்டு ஆறிக்கிடந்தது. அஸ்னாகெச் மாவுப் பானைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஹிருத் நின்றபடியே சொன்னாள். அப்பா இல்லை, தான்தான் சொன்னது என்றாள். சமையலறை என்றதைச் சொன்னாள். மற்றதைச் சொல்ல வரவில்லை.

"மிச்சத்தையும் சொல்லு" என்றாள் அஸ்னாகெச்.

ஹிருத் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நான் உள்ளதானடி இருந்தேன். என் காது நல்லாத்தான் இருக்கு. வேலைக்காரம்மான்னு சொன்ன."

பானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹிருத்தின் காதுமடல்கள் கொதித்தன.

"தெரிஞ்சும் ஏன் அத்தை கேக்கல?"

"கேட்டா நீ இல்லன்னு சாதிச்சிருப்ப. அப்புறம் உன் முகத்துல நான் எப்பிடி முழிக்கிறது? சின்னப்பொண்ணு, தானா வந்து சொல்லும்னு இருந்தேன். ஒரு வருஷம் இருந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை காபி குடிக்க வரும்போதெல்லாம் இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு. அப்புறம் நெனக்கிறத விட்டுட்டேன். காபி மட்டும் குடிச்சேன்."

"மன்னிச்சிருங்க அத்தை."

"அது எனக்கு எதுக்கு? மன்னிப்ப விரிச்சுப் படுக்கவா?" அஸ்னாகெச் கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வாரத்துல இடிக்க வர்றாங்க. வீடெல்லாம் வேண்டாம், உன் பாசம் போதும்னு சொல்ற ஆள் நான் இல்ல. எனக்கு வீடு வேணும். இங்க கதவ மூடிக்கிட்டுச் சொன்னத அங்க பந்தல்ல போய்ச் சொல்லு. நாலு மணிக்கு மறுபடி உக்கார்றாங்கள்ல?"

"நீங்களும் வாங்க."

"காலையில வந்தேன். ஒரு தடவ போதும்."

நாலு மணிக்குக் கூடாரத்தில் பாதிக் கூட்டம்தான் இருந்தது. அப்பாவின் நாற்காலி காலி. ஹிருத் குறிப்பு எழுதுகிற இடத்தில் உட்காராமல் மேஜைக்கு எதிரே, மற்றவர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அளக்க வந்தவரிடம் தான் பொய் சொன்னதாகச் சொன்னாள். அது சமையலறை இல்லை, ஒருவர் குடியிருக்கிற வீடு என்றாள். வேலைக்காரி என்று சொன்னதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அலுவலகப் பெண் கேட்கவில்லை என்றாள். மறுபடி உரக்கச் சொல்லவேண்டி வந்தது.

அலுவலகப் பெண் கோபப்படவில்லை. அலுத்துப்போனவள் போலத் திரையைத் திறந்தாள். "சரி. அவங்க முழுப்பேர் சொல்லுங்க."

"அஸ்னாகெச்."

"அப்பா பேரு?"

ஹிருத் வாயைத் திறந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அத்தை எந்தப் பண்டிகைக்கு எந்தத் துண்டு போடுவாள் என்று தெரியும். எந்தப் பல் ஆடுகிறது என்று தெரியும். இருமலை வைத்தே மழை வரும் என்று சொல்லத் தெரியும். அவளுக்கு ஒரு அப்பா இருந்தார், அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பது ஒரு நாளும் தோன்றியதில்லை.

"பத்தொன்பது வருஷம்னு சொல்றீங்க" என்றாள் அந்தப் பெண். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

ஹிருத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். முலு உதட்டைப் பிதுக்கினாள். ஷிஃபெரா கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"வொந்திமு."

கூடார வாசலில் ஃபெலெகே நின்றிருந்தார். பட்டன் மாற்றிப் போட்ட கோட்டு. "அஸ்னாகெச் வொந்திமு. சங்கத்துல அவ பேர எழுதினவன் நான்." மேஜை வரைக்கும் நடந்து வந்தார். "சமையலறைன்னு இருந்த தாளைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இவ சின்னப்பிள்ளை. எனக்கு அப்ப அம்பத்தேழு வயசு."

புதுத் தாள் கொடுத்தார்கள். எழுதினார். எழுதி முடித்துக் கோட்டுப் பையிலிருந்து சங்கத் தலைவருக்கான முத்திரையை எடுத்து மேஜையில் வைத்தார். அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள யாரும் வரவில்லை.

அலுவலகப் பெண் விதியைச் சொன்னாள். 417இன் ஒதுக்கீடு விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும். அதோடு, ஒரு வீட்டில் இப்படி இருந்தால் மற்ற வீடுகளையும் விடமுடியாது. திங்கட்கிழமை இந்த வரிசையின் எல்லாச் சமையலறைகளையும் மறுபடி பார்ப்பார்கள்.

பெஞ்சுகள் நகர்ந்தன. முலு எழுந்துவிட்டாள்.

"ஒங்க வீட்டு அழுக்கத் துவைக்க எங்க வீட்டுத் தண்ணியா கிடைச்சுது, கஷே?"

ஷிஃபெரா ஹிருத்தின் பக்கத்தில் வந்து, காதோடு காதாகக் கேட்டான்: "என் பின்னறையில ஒரு கிழவர் இருக்காரு. அவர இப்ப நான் என்னன்னு சொல்லட்டும், நீயே சொல்லிக் குடு." அவன் கேலி செய்கிறானா, உண்மையிலேயே கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

அப்பாவும் மகளும் தெருவழியாக வீட்டுக்கு நடந்தார்கள். மற்ற சனிக்கிழமையானால் நாலு வாசலிலிருந்தாவது காபிக்கு அழைப்பு வரும். செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியிருந்தது. கதவுகள் திறந்தே இருந்தன. கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஃபெலெகே மகளின் பக்கம் பார்க்காமலே நடந்தார். அவளும் பார்க்கவில்லை. ஒருவர் செய்ததை ஒருவர் பார்த்துவிட்ட நாலு வருஷம் நடுவில் நடந்து வந்தது.

வீட்டில் மூன்று பெரியவர்கள் வெள்ளைப் போர்வை போர்த்தித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். யாரெட் புதுச் சட்டையில் நின்றிருந்தான். ஸெனெபெச் கணவனின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மூவரில் மூத்தவர் எழுந்தார். "நேரமாச்சு ஃபெலெகே, கிளம்புறோம். ஒன்னு மட்டும் தெளிவாச் சொல்லிடு. பொண்ணு வீட்டுல வீட்டைப் பத்திக் கேப்பாங்க. என்ன சொல்றது?"

"வீடு இல்லன்னு சொல்லுங்க."

"இல்லையா? நேத்துப் பட்டியல்ல..."

"ஏன்னு கேட்டா, பையனோட அப்பன் ஒரு பொம்பளையோட வீட்டச் சமையலறைன்னு எழுதி எடுத்துக்கிட்டான், இப்பத் திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்லுங்க. மறைக்க வேண்டாம். அப்புறமும் பொண்ணு குடுக்கிறாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார். தோளிலிருந்து போர்வையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

யாரெட் பார்த்தது அப்பாவை அல்ல, ஹிருத்தை. தங்கை வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரலாமா என்று தன் சொந்த வீட்டில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.